சும்மா கிடந்த இடம்

எட்டு மணிக்கு வருகிறேன் என்றார் கோயில்பிச்சை அண்ணாச்சி.
ஏழே முக்காலுக்கே இவர் கீழே இறங்கிவிட்டார்.
ரோலாவில் அந்த நேரம்
ஒரு கார் நகர்ந்தால் மூன்று கார் மோப்பம் பிடிக்கும்.
மருந்துக்கடை எதிரே ஓர் இடம் காலியாக,
போய் நடுவில் நின்றுகொண்டார்,
தானே ஒரு கார் என்பது போல.

ஆகஸ்ட்.
ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் வியர்த்து ஒழுகுகிறது.
துடைக்க முடியாத கண்ணாடி வழியே பார்க்கிறேன்:
ஒரு பிக்கப் அவர் முட்டியைத் தொடும்வரை வருகிறது.
ஐந்து விரலையும் குவித்துக் காட்டுகிறார்
இந்த ஊர் வழக்கப்படி.
அஞ்சு நிமிஷம், அஞ்சு நிமிஷம்.
ஒன்பதரை வரைக்கும் அந்த அஞ்சு நிமிஷம்.

எனக்கு மேலே வேறு வேலை.
கத்திரிக்காய் ஆகாது. குக்கர் சோறு ஆகாது, வடித்ததுதான்.
சுகர் இருக்கு, இருந்தாலும் பாயசம் ஒரு கை.
ஐஸ் வைத்த மீனை மட்டும் வாசலில் காட்டாதே,
அது பிணம்மா, என்றிருந்தார் போனில்.

ஜுபைல் மார்க்கெட்டுக்குப் போகத்தான் நினைத்தேன்.
கிளினிக்கில் கடைசி ஆளுக்கு ரத்தம் எடுத்து முடிக்கையில் ஆறரை.
சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரில் கல்லாய் விறைத்த சீலா
இரண்டு பாக்கெட், ஒன்றின் விலைக்கு.
வெந்நீர் வேண்டாம், பச்சைத்தண்ணியில் போடு என்று
பக்கத்து அறை லிஸி சேச்சி ரகசியமாகச் சொன்னாள்,
அவளுடைய அடுப்பு நேரத்தையும் விட்டுக்கொடுத்து.
மஞ்சள், புளி, தேங்காய் அரைத்து ஊற்றினேன்.
பாக்கெட் உறையை மடித்து மடித்து
சின்னவன் டயப்பருக்குள் சுற்றி
குப்பையின் அடியில் புதைத்தேன்.
பிணம் என்றால் இப்படித்தானே.

அண்ணாச்சி வந்தார்.
பின்னால் சட்டை முதுகோடு ஒட்ட இவர்.
"பரவாயில்லையே உங்க ஏரியா,
வாசல்லயே இடம் சும்மா கிடக்கு."
"ஆமா அத்தான், சும்மாதான் கிடந்துச்சு."

ஏசியைக் குறைக்கச் சொன்னார், கூட்டச் சொன்னார்.
ஃபேன் வேண்டாம். சோபா தாழ்வு.
சாப்பிடும் முன் கண்மூடி நீண்ட ஜெபம்.
நாங்கள் கொடுக்கும் வாடகை அதிகம் என்பதை
ஆண்டவருக்கும் தெரியப்படுத்தினார்.
குழம்பில் ஆடை படிந்தது.

முதல் வாய்.
நான் தண்ணீர்ச் செம்போடு நிற்கிறேன்.
"மாமா, இந்த மீன் எங்க ஃப்ரிட்ஜ்ல தூங்கிச்சு"
என்று ஆரம்பித்தாள் ஷெரின்.
அவள் வாயில் ஒரு முழுத்துண்டைத் திணித்தேன்.
"பிள்ளைக்கு என்ன கற்பனை!" என்று சிரித்தார் அண்ணாச்சி.
"இதும்மா மீன். காலைல வலையில கிடந்தது.
ஹார்பர்ல குப்பை கொட்டினவன் நான்,
கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்."
மூடிக்கொண்டும் சொன்னார்.

இவரிடம் நான் குறைசொல்வதில்லை.
பதினோரு வருஷம் முன்னால் தேராவில்
விசா வராமல் இவர் கிடந்தபோது
தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு
அண்ணாச்சி நாலு மாதம் தரையில் படுத்தார்.
அதை இன்றும் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் சொன்னார்.
நானூறு தடவை சொன்னாலும்
நடந்தது நடந்ததுதான்.
அதுதான் இதில் சங்கடம்.

மிச்சக் குழம்பு டிபன் பாக்ஸில் அவரோடு போனது, காலை தோசைக்கு.
அவர் கார் நகர்ந்த நொடியே அங்கே வேறொரு கார்.

பதினொன்றரைக்கு இவர் சட்டையில்லாமல் தரையில் உட்கார்ந்தார்.
சட்டியில் ஒரு வால்துண்டும் கொஞ்சம் குழம்பும்.
ஒரு வாய் தின்றார். இன்னொரு வாய்.
என்னை நிமிர்ந்து பார்த்தார்.
"ஜுபைல்ல கூட்டமா?"

"இல்ல," என்றேன்,
"சும்மாதான் கிடந்துச்சு."

மெல்வதை நிறுத்திக் கொஞ்சநேரம் யோசித்தவர்
சத்தமில்லாமல் குலுங்க ஆரம்பித்தார்,
சின்னவன் எழுந்துவிடுவானே என்று
சோற்றுக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

ஃப்ரீசரில் இன்னொரு பாக்கெட் இருக்கிறது.
வெள்ளிக்கிழமை அக்காவோடு வருவதாகச்
சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்.